துரையின் கடிதத்தில் மஞ்சள் தடவியது நான்தான்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. ஈப்போவில் லாரி உதிரிபாகம் விற்கும் கடையில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்த எனக்குத் தெரிந்த ஆங்கிலம், பில் அனுப்புவதற்கும் 'பிரேக் பேட் ஸ்டாக் இல்லை' என்று எழுதுவதற்கும் போதும் (அதிலும் பிழை இருக்கும், முதலாளிக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும் என்பதால் என் பிழைப்பு ஓடியது). அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்தைப் படிக்கக் கிளம்பினேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது என் மானக்கேடு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மேல் என்று கேட்காதீர்கள். துரைமேல், பல்கலைக்கழகத்தின்மேல், என் அம்மாமேல், என் வலது கை மோதிர விரல்மேல்.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்தது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் வெட்டிவிட்டு, கடைசியில் வீடு கட்டுகிற கம்பெனி ஒன்றுக்கு நிலத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய்ச் சேர்ந்தோம். மிச்சம் நின்றது ஓடையோரம் மரத்தடியில் இருந்த மாரியம்மன் கோயில் மட்டும். அதையும் எடுக்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது.

கோயில் செயலாளர் என் அப்பா. அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். பழைய காலத்திலிருந்தே கோயில் அங்கே இருந்தது என்று எழுத்தில் ஏதாவது காட்டுங்கள், பேசலாம் என்றார்களாம். இரண்டு மாதம் தவணை. அதற்குள் காட்டாவிட்டால் இயந்திரம் வரும்.

எழுத்தில் எங்களிடம் என்ன இருக்கும்? எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு கதை. அந்தக் காலத்துத் துரையின் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்ததாம். அம்மன் துரையின் கனவில் வந்து நின்றாளாம். மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் துரை மரத்தடிக்கு நடந்தே வந்து, இந்த இடம் இனி உங்களுக்கு என்று எழுதிக் கொடுத்தாராம். எழுதிய தாள் எங்கே என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் நன்றி மறக்கவில்லை. ஒவ்வோர் ஆடித் திருவிழாவிலும் முதல் தேங்காய் துரை பெயரில்தான் உடையும் (பெயர் வாயில் நுழையாததால் 'நம்ம தொர' என்று சொல்லித்தான் உடைப்பார்கள். அர்ச்சனையில் கோத்திரம் கேட்டால் சிவகோத்திரம்).

முன்பு தோட்டத்துக் கதைகளைச் சேகரிக்க வந்த ஒரு மாணவி எங்களுக்கு ஒரு தகவல் சொல்லியிருந்தாள். அந்தத் துரையின் பேரப்பிள்ளைகள் அவருடைய கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம் எல்லாவற்றையும் தலைநகரில் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். மொத்தம் ஆறு பெட்டி. (பல்கலைக்கழகத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. என் பெயர் அவர்களிடம் இருக்கிறது, அது போதும்.)

கோயில் கூட்டத்தில் யார் போவது என்று பேச்சு வந்தது. தலைவர் மணியம் அண்ணன் கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் என்னைப் பார்த்தார்.

"என் மவ இருக்காள்ல. அவளுக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு."

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மறுத்திருக்கலாம். எல்லோரும் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நிமிஷப் பெருமைக்காகத் தலையை ஆட்டிவிட்டேன்.

கிளம்புகிற காலையில் அம்மா ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே முந்தைய நாள் அம்மனுக்குச் சாத்திய மஞ்சள், ஈரம் போகாமல். பக்கத்தில் ஒரு பொட்டலம் குங்குமம். என் கைப்பையில் வைக்கப் போனவர், அது தோல் பை என்றதும் கையை இழுத்துக்கொண்டார். தோலில் அம்மன் மஞ்சளை வைக்கலாமா? சுற்றுமுற்றும் பார்த்தார். என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துடைக்கிற துணிக்கு அடியில் செருகிவிட்டார்.

"கடுதாசி கையில கெடைச்சதும் நாலு மூலையிலயும் மஞ்சள் வச்சிரு. மறந்துறாத."

"அது ஆபிசும்மா. கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சியா?"

"ஆபிசுன்னா அம்மன் வர மாட்டாளா? வச்சிட்டு அப்புறம் படி."

நான் சிரித்துக்கொண்டே ஈப்போ ஸ்டேஷனுக்குப் போனேன். படிக்காத அம்மா, பாவம் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் புவான் ரொஹானி என்ற மலாய் அம்மையார் பொறுப்பில் இருந்தார். அடங்கிய குரல், அடங்கிய நடை, கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். பேனா கூடாது, பென்சில்தான் என்றார். தண்ணீர் பாட்டில் வெளியே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன். ஈரம் காயவில்லை என்று திருப்பி அனுப்பினார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்கள் வெட்டிய பாலில் சம்பாதித்த துரையின் கடிதத்தைத் தொட எங்கள் கை சுத்தம் போதாதா? வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு மறுபடி கழுவினேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டை மட்டும் உள்ளே கொண்டுபோக விட்டார். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் ஞாபகம் இல்லை.

முதல் பெட்டி வந்தது. திறந்ததும் ஒரு நாய்.

புகைப்படத்தில்தான். பெயர் பஸ்டர். பஸ்டர் உட்கார்ந்திருக்கிறது, பஸ்டர் நிற்கிறது, பஸ்டர் துரையின் தொப்பியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் அழகாகப் பெயர். பஸ்டர் செத்த நாளுக்கு நாட்குறிப்பில் முழுதாக ஒரு பக்கம். அடுத்த உறையில் எங்கள் ஆட்கள் படம். பெரட்டுக் களத்தில் வாளியோடு வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் திருப்பினேன். 'தொழிலாளர்கள், சுமார் நாற்பது பேர்' என்று இருந்தது.

சுமார் நாற்பதாம். தினமும் விடியற்காலையில் ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுகிற இடத்தில் நின்று எடுத்த படம் அது. பேர்தான் எழுத வேண்டாம், சரியாக எண்ணவாவது வேண்டாமா? நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று. அந்த மூன்று பேருக்காக எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சமையல்காரர், தோட்டக்காரர், குழந்தையைத் தூக்கி நிற்கும் ஆயா, ஒருவருக்கும் பேர் கிடையாது. நாய்க்கு உண்டு.

கடிதங்கள் நாலாவது பெட்டியில் இருந்தன. எல்லாம் இங்கிலாந்தில் இருந்த தங்கைக்கு எழுதியவை. கையெழுத்தா அது? மழைக்கு முன்னால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே கோடாகப் போகிறது. மூன்று மணி நேரம் முழித்ததில் எனக்குப் புரிந்தவை தேதியும் 'மழை'யும் 'வயிற்றுப்போக்கு'ம்தான். கண் எரிந்தது. பசி வேறு. பத்து மணிக்குப் பெருமையாக உள்ளே வந்தவள், இரண்டு மணிக்கு அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கடிதத்தின் நடுவில் தெளிவாக 'கோயில்'. அதே வரியில் 'மரம்'. அதற்கு மேலே 'ஓடை'. கொஞ்சம் தள்ளி, துரை தன் வாய்க்கு வந்தபடி எழுதிய 'மாரியம்மன்'.

கதை நிஜம். துரை எழுதியிருக்கிறார். நன்றாகப் படிக்கலாம் என்று அதுவரை வீம்புக்குப் போடாமல் இருந்த படிக்கிற கண்ணாடியை எடுக்கக் கூட்டைத் திறந்தேன். துணிக்கு அடியில் மஞ்சள்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கை தானாகப் போனது. எங்கள் வீட்டில் புது பில் புத்தகம் வந்தாலும் காரின் பதிவுப் பத்திரமான கிராண்டு வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் பீரோவுக்குள் போகாது. அந்தப் பழக்கத்தில், மோதிர விரலால் மேல் இரண்டு மூலை, கீழ் இரண்டு மூலை, சுத்தமாக வைத்தேன். மேலே நடுவில், 'என் அன்புத் தங்கைக்கு' என்ற இடத்தில், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. கடிதத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். கண்ணை மூடி, தாயே, காப்பாற்றிவிட்டாய் என்றேன். 'வச்சிட்டு அப்புறம் படி' என்ற அம்மாவின் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே புவான் ரொஹானி.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். மிக மெதுவாக, இது என்ன என்று கேட்டார். மஞ்சள் என்றேன்.

"மஞ்சள் என்று தெரிகிறது. நேற்றுக் கறிக்கு நானும் போட்டேன். இதில் ஏன் இருக்கிறது?"

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நாய்க்கோபம் எனக்கு உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். நாய்க்குப் பேர் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு இல்லை என்றேன். நாற்பத்து மூன்று பேரை நாற்பது என்று எழுதியிருக்கிறது, நீங்கள் திருத்தினீர்களா என்றேன். இத்தனைக்கும் நடுவில் இந்த ஒரு துரைதான் எங்களை மதித்து, கோயிலுக்கு இடம் எழுதிக் கொடுத்தவர், அவர் கடிதத்துக்கு எங்கள் முறைப்படி மரியாதை செய்தேன், இதில் என்ன தப்பு என்றேன். அந்த அறையில் மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

புவான் ரொஹானி கடிதத்தின்மேல் குனிந்தார். எத்தனையோ வருஷமாக அந்தக் கையெழுத்தோடு குடித்தனம் நடத்தியவர் அவர். விரலைத் தாளில் படாமல் நகர்த்திக்கொண்டே, வரிவரியாக மலாயில் சொன்னார்.

துரை தங்கைக்கு எழுதியிருந்தது இதுதான். தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஓடையோரம் மரத்தடியில் இந்த ஆட்கள் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலாம். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அந்தச் சனியன் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மேளம் அடித்து என் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். மூன்று தடவை பிரிக்கச் சொல்லிவிட்டேன். 'சரி தொர' என்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னும் ஒரு விளக்கு கூடியிருக்கிறது. பஸ்டருக்கும் மேளம் பிடிக்கவில்லை.

காய்ச்சலும் இல்லை, கனவும் இல்லை. துரைக்கு மகளே இல்லை என்று புவான் ரொஹானி கூடுதலாக ஒரு தகவலும் சொன்னார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இவனுக்கா? அம்மன் இருந்த இடத்தைச் சனியன் என்று எழுதியவனுக்கா இத்தனை ஆடியாக முதல் தேங்காய்? இவன் கடிதத்துக்கா அம்மன் மேனியில் இருந்த மஞ்சள்? கொடுத்த மரியாதையைத் திருப்பி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். துப்பட்டாவை எடுத்து மேல் மூலையை அழுத்தித் துடைத்தேன்.

மஞ்சள் போகவில்லை. பொட்டில் பட்டு, குங்குமத்தையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது பத்தி வரைக்கும் இறங்கியது. இரண்டாவது இழுப்புக்குள் புவான் ரொஹானி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவ்வளவு மெல்லிய அம்மையாருக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

என் வாசகர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உறுதிப்படுத்திய நகல் கேட்டு நான் எழுதியிருந்த விண்ணப்பத்தை, தலைமை அதிகாரி முடிவு செய்யும்வரை நிறுத்திவைத்தார்கள். வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். துரையைத் திட்டினேன், நாயைத் திட்டினேன், அம்மாவைப் பெயர் சொல்லாமல் திட்டினேன். தேங்காயை எல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்றேன். அப்பா முழுதும் கேட்டார்.

"எனக்கு முன்னால இருந்தவர் காலத்துலேருந்து கோயில் இருக்குன்னு அவனே எழுதியிருக்கானா?"

"ஆமாப்பா. சனியன்னு எழுதியிருக்கான்."

"அத வுடு. அவன் கையெழுத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னாம்மா. அதானே கேட்டாங்க."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தானப் பத்திரம் தேடிப் போய், கம்பெனி கேட்ட சாட்சியையே கையில் வைத்திருந்தேன். துரை கோயிலை எவ்வளவு வெறுத்தானோ அவ்வளவு பலமான சாட்சி. அதன்மேல்தான் மஞ்சளைப் பூசி, துப்பட்டாவால் தேய்த்து, நகலும் கிடைக்காதபடி செய்துவிட்டு வந்திருக்கிறேன். கோயிலை இடிக்கக் கம்பெனி தேவையில்லை, நான் ஒருத்தியே போதும் என்று தோன்றியது.

மறுவாரம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார் (அம்மா பழத்தட்டு கொடுத்துவிடப் பார்த்தார். அதில் மஞ்சள் கிழங்கு இருந்தது. வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டோம்). நான் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அப்பா மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கடிதத்தை ஒரு தடவை தனக்கும் படித்துக் காட்ட முடியுமா என்று புவான் ரொஹானியிடம் கேட்டார். அவர் படித்தார். 'சரி தொர' வந்த இடத்தில் அப்பா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி,

"வெளக்கு வச்சது எங்கப்பாவா இருக்கும். அவரு யாருகிட்டயும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. செஞ்சதும் இல்ல" என்றார்.

நான் அதை மலாயில் சொன்னேன். புவான் ரொஹானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். நகல் தருவதாக முடிவானது. ஒரே நிபந்தனை, நான் செய்த சேதத்தை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர். எழுதினேன். இந்தத் தாள் எங்கே போகும் என்று அப்பா கேட்டார். அந்தக் கடிதம் இருக்கிற உறைக்குள்ளேயே, அதோடு சேர்ந்து இருக்கும் என்றார் புவான் ரொஹானி. எத்தனை நாளைக்கு என்றார் அப்பா. கடிதம் இருக்கிற வரைக்கும் என்றார் அவர். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகலைக் கலரில்தான் எடுத்தார்கள். இருக்கிறதை இருக்கிறபடி காட்ட வேண்டுமாம். ஆகவே முத்திரையோடு வந்த நகலிலும் நாலு மூலை மஞ்சள், குலைந்த பொட்டு. கம்பெனியில் அதை வாங்கிப் பார்த்த அதிகாரி நம்ம ஆள்தான். மூலையைப் பார்த்ததும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். முதல் வரியைப் படிப்பதற்கு முன்னால் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரி, இவரும் நம் வீட்டுப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஏழெட்டுக் கூட்டம் நடந்தது. கடைசியில் வரைபடத்தில் கோயிலைச் சுற்றி ஒரு வேலி போட்டுக் கொடுத்தார்கள்.

கோயில் இன்றைக்கும் இருக்கிறது. சுற்றிலும் மாடிவீடுகள். ஞாயிற்றுக்கிழமை மேளச் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் வாட்ஸ்அப்பில் புகார் வருகிறது. மணியம் அண்ணன் எல்லாவற்றுக்கும் 'சரி சார்' என்று பதில் போடுகிறார். போன மாதம் புதிதாக ஒரு குத்துவிளக்கு வாங்கினோம்.

துரைக்குத் தேங்காயை நிறுத்த வேண்டும் என்று நான் கூட்டத்தில் சண்டை போட்டேன், தோற்றேன். அவன் திட்டியதால்தான் கோயில் நின்றது, உடைக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் என் நிலைமை அதைவிட மோசம். வங்கியிலிருந்து தாள் வந்தாலும் தங்கச்சி, "அக்கா கைக்குப் போவக்கூடாதுலா, துணியால வேற தொடைப்பா" என்று பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிற வேலையை மட்டும் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். அனுபவசாலியாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அப்பா. ஒவ்வோர் ஆடியிலும், வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, யுனிவர்சிட்டியில் துரை பெட்டிக்குள் நம்ம பேர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் ஈப்போ சம்பந்தி வீட்டாரிடமும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு மானம் போனது. இழுத்துக்கொண்டுபோய்த் தூணோரம் நிறுத்தினேன்.

"அப்பா, அது குற்றப் படிவம். நான் செஞ்ச தப்ப எழுதி வச்சிருக்காங்க. அத ஏம்ப்பா ஊர் பூரா சொல்றீங்க?"

"தப்போ சரியோ. அடையாள அட்டையில இருக்கிறபடிதானே எழுதின?"

"ஆமா."

"செல்வராணி, மாணிக்கம் மகள்னு?"

எங்கள் நாட்டில் எங்கள் பெயர் தனியாக நிற்பதில்லை. அப்பா பெயரும் சேர்ந்தேதான் வரும்.

"ஆமாப்பா."

"ஆறு பொட்டியிலயும் நம்மாளு பேரு ஒண்ணுகூட இல்லன்னு நீதானே கத்துன. இப்ப ரெண்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, அப்பா அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த நாய்க்கு அதே பெட்டிகளில் ஒரு முழுப் பக்கம். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய மாணிக்கம் உள்ளே போவதற்கு, அவர் மகள் போய்க் கறை போட வேண்டியிருந்தது.